தற்குறி, பட்டா, தேர்வுத்தாள்: பெரம்பலூர் – அரியலூர் வட்டாரத்தில் வயதுவந்தோர் எழுத்தறிவும் உரையாடலின் தேய்வும் (1978–2018)

ஆய்வுச்சுருக்கம்

1978-இல் தொடங்கிய தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் முதல் 2018-இல் நிறைவுற்ற கற்கும் பாரதம் திட்டம் வரையிலான நாற்பதாண்டுக் காலத்தில், எழுத்தறிவு வட்டங்களில் வறுமை, சாதி ஆகியன பற்றிய உரையாடலுக்கு அளிக்கப்பட்ட இடம் எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியாக இருந்து, இன்று பெரம்பலூர், அரியலூர் என இரு மாவட்டங்களாக உள்ள மானாவாரி வட்டாரம் ஆய்வெல்லையாகக் கொள்ளப்பட்டுள்ளது. அண்டை மாவட்டமான புதுக்கோட்டையின் அறிவொளி இயக்கமும், அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடியுரிமைப் பள்ளிகளும் ஒப்பீட்டிற்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. வட்டத்தை நடத்தியவரின் பணி உரையாடலை நெறிப்படுத்துவது என்னும் நிலையிலிருந்து தேர்வுக்கு ஆள்சேர்ப்பது என்னும் நிலைக்கு மாறியதும், அம்மாற்றத்தில் சாதி பற்றிய பேச்சே முதலில் உதிர்ந்ததும் இங்கு எடுத்துக்காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வயதுவந்தோர் கல்வி, அறிவொளி இயக்கம், கற்கும் பாரதம், சாதி, பட்டா, கைநாட்டு, பெரம்பலூர், அரியலூர்

முன்னுரை

எழுத்தறியாதவரைக் குறிக்கத் தமிழில் வழங்கும் வசைச்சொற்களுள் இரண்டு, தொடக்கத்தில் வசையாக இருந்தவை அல்ல. 'கைநாட்டு' என்பதில் உள்ள நாட்டுதல், ஊன்றுதல், நிறுவுதல் என்னும் பொருளுடையது. 'தற்குறி' என்பது தன் குறி. எழுதத் தெரியாதவர் ஆவணத்தில் தம் ஒப்புதலுக்கு அடையாளமாக இட்ட குறி. அவ்வாறு குறியிட்டவருக்காக மற்றொருவர் சான்றெழுத்து இடும் வழக்கம் பழைய ஆவணங்களில் உண்டு. அந்நிலையில் தற்குறி என்பது ஓர் ஆவணமுறை. இடுபவர் நிலவுரிமையோ கொடையுரிமையோ உடையவர். எழுதத் தெரியாமை அவருடைய உரிமைக்குக் குறைவு செய்யவில்லை. குறியின் பெயர் குறியிட்டவரின் பெயராகிப் பின்னர் அறிவிலிக்குரிய பெயராகவும் மாறியதை, எழுத்து அதிகாரத்தின் ஒரே வாயிலாக ஆகிவிட்ட காலத்தின் சுவடாகக் கருதலாம்.

இச்சொல் வரலாறு இங்கு நினைவுகூரப்படுவதற்குக் காரணம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் எழுத்தறிவு இயக்கங்கள் அனைத்தும் கைநாட்டை இழிவின் அடையாளமாக வைத்தே மக்களை அழைத்தன. 'இனி ரேகை வைக்க வேண்டாம், கையெழுத்துப் போடலாம்' என்பதே அவற்றின் முதல் அழைப்பு. அவ்வழைப்பு பலரைக் கற்கவைத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே அழைப்பு, ஒருவருடைய வறுமைக்கும் இழிவுக்கும் காரணம் அவர் எழுத்தறியாமையே என்னும் கருத்தையும் உடன் கொண்டுவந்தது. எழுத்தறியாமையால் வறுமையா, வறுமையாலும் சாதியாலும் எழுத்தறியாமையா என்னும் வினாவை வட்டத்தில் அமர்ந்தவர்கள் எழுப்புவதற்கு இடமிருந்ததா? இடமிருந்தது எனில், அப்பேச்சை நெறிப்படுத்தும் பொறுப்பு யாரிடம் இருந்தது?

வட்டாரத்தின் இயல்பு

1995-இல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதிலிருந்து 2001-இல் அரியலூர் தனி மாவட்டமாகி, 2002-இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. மேற்கே பச்சைமலை, வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம். கொள்ளிடக் கரையோரப் பாசனப் பகுதி நீங்கலாக ஏனைய நிலம் பெரும்பாலும் மழையை நம்பியது. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், முந்திரி ஆகியவை முதன்மைப் பயிர்கள். இவற்றுள் பருத்தி எடுப்பும் வெங்காய அறுவடையும் பெண்களின் கூலியுழைப்பை நம்பியவை. அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல் வளத்தால் சிமெண்ட் ஆலைகள் தோன்றின.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 5.65 இலட்சம், தமிழகத்தின் அன்றைய மாவட்டங்களுள் இதுவே மிகக் குறைவு. அவர்களுள் பட்டியல் சாதியினர் சுமார் 31 விழுக்காட்டினர். மாநில அளவில் இவ்விகிதம் ஏறத்தாழ 20. அரியலூரில் இது 23 அளவில் உள்ளது. எழுத்தறிவைப் பொறுத்தவரை, பெரம்பலூரில் ஆண்களில் ஏறத்தாழ 83 விழுக்காட்டினரும் பெண்களில் 66 விழுக்காட்டினரும் எழுத்தறிந்தோர். அரியலூரில் முறையே 81, 62. மாநிலச் சராசரி ஆண்களுக்கு 87, பெண்களுக்கு 73. மாநில அளவில் 13 புள்ளிகளாக உள்ள ஆண் – பெண் இடைவெளி பெரம்பலூரில் 17, அரியலூரில் 19 என விரிகிறது.

இவ்வெண்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. 1931 வரை கணக்கெடுப்புகள் சாதிவாரியாக எழுத்தறிவைப் பதிவு செய்தன. விடுதலைக்குப் பின் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தவிர ஏனையோருக்கு அத்தகைய விவரம் இல்லை. எனவே எழுத்தறியாப் பெண் என்னும் தொகுப்புக்குள் நிலமற்ற ஆதிதிராவிடக் கூலிப் பெண்ணும், இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமுடைய இடைநிலைச் சாதிக் குடும்பத்துப் பெண்ணும் ஒருங்கே எண்ணப்படுகின்றனர். திட்டங்கள் உருவாக்கிய 'கற்போர்' என்னும் சொல்லும் இத்தகையதே. ஊர் வேறு, சேரி வேறு என நிலவியல் அடிப்படையிலேயே பிரிந்துகிடக்கும் குடியிருப்பில், 'கற்போர்' அனைவரும் அமரக்கூடிய ஓரிடம் எது என்பதே முதற்சிக்கல்.

1978: பாடத்துள் நுழைந்த பேச்சு

1978 அக்டோபர் 2 அன்று தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. 15 முதல் 35 வயது வரையிலான 10 கோடிப் பேருக்கு எழுத்தறிவித்தல் அதன் இலக்கு. ஒரு மையத்தில் சுமார் 30 பேர், பத்து மாதங்கள், 300 முதல் 350 மணிநேரம், மையத்தை நடத்துபவருக்கு மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம். எழுத்தறிவு, தொழில்சார் செயல்திறன், சமூக விழிப்புணர்வு என மூன்று நோக்கங்களை அத்திட்டம் சமநிலையில் வைத்தது. மூன்றாவது நோக்கமே இங்கு கருதத்தக்கது. ஏழைகள் தம் நிலைக்கான காரணங்களைத் தாமே ஆராய்ந்து பேசுதல் கல்வியின் ஒரு பகுதி என்பதை இந்திய அரசின் திட்டமொன்று ஏற்றுக்கொண்டது அதுவே முதன்முறை எனலாம்.

இதன் பின்புலத்தில் பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ பிரெய்ரேயின் (1921–1997) சிந்தனை இருந்தது. 1963-இல் பிரேசிலின் வடகிழக்கிலுள்ள அங்கிகோஸ் என்னும் ஊரில் சுமார் 300 உழைப்பாளிகளுக்கு 40 மணிநேர அளவில் எழுத்தறிவித்த பட்டறிவு அவருடையது. அங்கு வகுப்பு இல்லை, பண்பாட்டு வட்டம் இருந்தது. ஆசிரியர் இல்லை, ஒருங்கிணைப்பாளர் இருந்தார். கற்போரின் வாழ்விலிருந்து எடுத்த சொல்லொன்றைப் படத்துடன் முன்வைத்து, முதலில் அதைப் பற்றிப் பேசவிட்டு, பின்னரே அச்சொல்லை அசைகளாகப் பிரித்துக் கற்பிப்பது அம்முறை. அடிச்சொல் ஒன்றைக்கொண்டு பல சொற்களைக் கட்டும் இம்முறை, உயிர்மெய் வரிசையுடைய தமிழுக்குப் போர்த்துகீசிய மொழிக்குப் போலவே இணக்கமானது.

ஆனால் தமிழகச் சிற்றூருக்கு வரும்போது பிரெய்ரேயின் வட்டம் ஓர் இடர்ப்பாட்டைச் சந்திக்கிறது. பிரெய்ரேயின் சித்திரிப்பில் ஒடுக்குபவர் வட்டத்திற்கு வெளியே இருக்கிறார்; வட்டத்துள் அமர்ந்திருப்பவர்கள் ஒடுக்கப்பட்டோர் மட்டுமே. சாதி அவ்வாறு செயல்படுவதில்லை. வறுமையில் ஒத்தவர்கள் சாதியில் ஒருவரையொருவர் மேல் கீழாகக் காண்பவர்கள். ஒருவர் நிலத்தில் மற்றொருவர் கூலிக்குச் செல்பவர். கோயில் மண்டபத்திலோ ஊர்ச் சாவடியிலோ மையம் நடந்தால் சேரிப் பெண்கள் வருவது அரிது. சேரியில் நடந்தால் ஊர்ப்பெண்கள் வருவதில்லை. பள்ளிக் கட்டடம் பொதுவானதாயினும், பெண்கள் ஓய்வுபெறும் இரவு வேளையில் அதுவரை நடந்துசெல்வது எல்லோருக்கும் இயல்வதன்று.

எனவே நடைமுறையில் இரண்டு வழிகளே எஞ்சின. தெருவாரியாகத் தனித்தனி மையங்கள் வைத்தால் சாதி பற்றி வெளிப்படையாகப் பேச இயலும். ஆனால் யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர் அங்கில்லை. கலப்பு மையம் வைத்தால் இருசாராரும் இருப்பர். ஆனால் அமைதி காக்கும் பொருட்டுச் சாதி பேசப்படாது. வறுமை பற்றிப் பேசலாம், விலைவாசி பற்றிப் பேசலாம், குடிநீர் பற்றிப் பேசலாம். தேநீர்க் கடையின் தனிக்குவளை பற்றிப் பேச இயலாது. 50 ரூபாய் மதிப்பூதியத்தில் இவ்விரு வழிகளுள் ஒன்றைத் தேர்ந்து, அதன் விளைவையும் தாங்க வேண்டியவர், பள்ளியிறுதி வகுப்பளவில் படித்த உள்ளூர் இளைஞர். திட்டமிட்டவர்கள் அவர் தோளில் ஏற்றிய சுமை சிறிதன்று.

விளிமுறையும் இத்துடன் இணைந்தது. முதிய கூலிப்பெண்ணை ஊர்த்தெருச் சிறுவனும் ஒருமையில் அழைப்பது அன்றைய வழக்கம். வட்டத்தில் அவரை 'அம்மா' எனவும் 'வாங்க' எனவும் அழைக்கவேண்டியிருந்தது. எழுத்தறிவு இயக்கங்கள் செய்த மாற்றங்களுள் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாத மாற்றம் இது. வட்டம் கலைந்ததும் தெருவில் அதே மரியாதை நீடித்ததா என்பது வேறு வினா.

மத்தியில் 1980-இல் ஆட்சி மாறியது. டி.எஸ். கோத்தாரி தலைமையிலான ஆய்வுக்குழு திட்டத்தைத் தொடரவே பரிந்துரைத்தது. எனினும் முந்தைய வேகம் திரும்பவில்லை.

ஓர் ஒப்பீடு: ஜான்ஸ் தீவின் பின்னறை

தனித்த வட்டம் எப்போதும் குறையுடையதா என்பதற்கு அமெரிக்க வரலாறு வேறொரு விடை தருகிறது. தென் கரோலினா மாநிலத்தின் ஜான்ஸ் தீவில் 1957 ஜனவரியில் முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. வாக்காளராகப் பதிவுசெய்ய எழுத்தறிவுத் தேர்வு தேவை என்னும் விதியைக் கொண்டு கறுப்பின மக்களின் வாக்குரிமை அங்கு மறுக்கப்பட்டிருந்தது. கூட்டுறவுக் கடையொன்றின் பின்னறையில் வகுப்பு நடந்தது. முன்னறைக் கடை வெள்ளையரின் பார்வையிலிருந்து மறைப்பதற்கு. முதல் ஆசிரியரான பெர்னிஸ் ராபின்சன் தொழில்முறை ஆசிரியர் அல்லர். தையலும் சிகையலங்காரமும் அவர் தொழில். இப்பள்ளிகளின் முதன்மை அமைப்பாளரான செப்டிமா கிளார்க், கறுப்பின உரிமைச் சங்க உறுப்பினர் என்பதற்காக 1956-இல் பள்ளி ஆசிரியப் பணியை இழந்தவர். கற்போர் எதைக் கற்க விரும்புகின்றனர் என்று கேட்டே பாடம் அமைக்கப்பட்டது: பெயர் எழுதுதல், அஞ்சல் பணவிடைத் தாள் நிரப்புதல், அஞ்சல்வழிக் கடைக்கான கோரிக்கைத்தாள் எழுதுதல், மாநில அரசியல் சட்டப் பகுதிகளைப் படித்தல்.

அங்கு தனித்திருத்தல் பாதுகாப்பாயிற்று. அச்சமின்றிப் பேசவும், பேசியபின் ஒன்றாகச் சென்று பதிவலுவலகக் கதவைத் தட்டவும் அது உதவியது. 1965-இன் வாக்குரிமைச் சட்டம் வரை இப்பள்ளிகள் தென்மாநிலங்களில் பரவின.

இந்தியச் சூழலோடு வேறுபாடு ஆழமானது. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ச் சொத்து, வரி ஆகியவற்றுடன் எழுத்தறிவும் வாக்குரிமைக்கான தகுதிகளுள் ஒன்றாக இருந்தது. குடியரசின் அரசியலமைப்பு அத்தகுதிகள் அனைத்தையும் நீக்கியது. 1951–52 தேர்தலில் எழுத்தறியாதோர் சின்னங்களைக் கொண்டு வாக்களித்தனர். சாதியொடுக்குமுறையையும் இனவொடுக்குமுறையையும் ஒப்பிடும் ஆய்வுகளில், 2001 டர்பன் மாநாட்டு விவாதங்கள் உட்பட, இவ்வேறுபாடு போதிய கவனம் பெறவில்லை. அமெரிக்கத் தென்மாநிலங்களில் எழுத்தறிவு வாக்குரிமையின் நேரடித் தடை; ஆதலின் கற்றலுக்கு உடனடி அரசியல் பயன் இருந்தது. பெரம்பலூர் வட்டாரத்துக் கூலித்தொழிலாளிக்கு வாக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது, கிடைக்காதது நிலம். எனவே இங்கு எழுத்தைக் கற்கவைக்கும் சொல் 'வாக்கு' ஆக இருக்க இயலாது. அது 'பட்டா' ஆயிற்று.

பட்டா என்னும் பாடம்

1988 மே மாதத்தில் தேசிய எழுத்தறிவு இயக்கம் நிறுவப்பட்டது. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டபின், அதன் முறை தமிழகத்தில் அறிவொளி இயக்கம் என்னும் பெயரில் பரவியது. மாவட்ட ஆட்சியர், தமிழ்நாடு அறிவியல் இயக்கம், ஆசிரியர்கள், எழுத்தாளர்கள், கலைக்குழுக்கள், ஊதியமில்லாத தொண்டர்கள் என அரசும் இயக்கமும் கலந்த அமைப்பு அது. மதிப்பூதியம் நீங்கியது, வீதிநாடகமும் பாட்டும் வந்தன. 1991–92-இல் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் காலத்தில் நடந்த இயக்கம் பரவலாக அறியப்பட்டது. ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதும், கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்குக் குவாரிக் குத்தகை வழங்கப்பட்டதும் அதன் பகுதிகள். புதுக்கோட்டை மாவட்டமும் 1974-இல் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளிலிருந்து உருவானதே. மானாவாரி வேளாண்மை, கல் சார்ந்த தொழில், பெண்களின் கூலியுழைப்பு ஆகியவற்றில் அதற்கும் பெரம்பலூர் – அரியலூர் வட்டாரத்திற்கும் ஒப்புமை மிகுதி.

அறிவொளிப் பாடநூலின் தொடக்கப் பாடங்களில் 'பட்டா' என்னும் சொல் இடம்பெற்றது. ப, ட ஆகிய எளிய எழுத்துகளால் ஆன சொல் என்பது மொழியியல் காரணம். உழைப்பாளியின் நில வேட்கையைத் தூண்டும் சொல் என்பது பிரெய்ரே வழிக் காரணம். ஆயின் இச்சொல் எல்லாக் காதுகளிலும் ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. இரண்டு ஏக்கர் புன்செய் உடையவருக்குப் பட்டா என்பது வீட்டுப்பெட்டியில் உள்ள தாள், பங்காளியுடன் வழக்கு, கிராம நிர்வாக அலுவலரிடம் பெயர்மாற்றத்திற்கு நடக்கும் நடை. நிலமற்ற ஆதிதிராவிடக் குடும்பத்திற்கு அது பெரும்பாலும் வீட்டுமனைப் பட்டா. பெறவேண்டியது, இன்னும் பெறாதது. 1892 முதல் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு நிபந்தனையுடன் ஒப்படைக்கப்பட்டுப் பின்னர்ப் பிறர் கைக்குப் போன பஞ்சமி நிலங்களின் நினைவும் அச்சொல்லில் உண்டு. பெண்களுக்கோ, எச்சாதியினராயினும், பட்டாவில் அவர்கள் பெயர் இல்லை.

ஆக ஒரே சொல்லைப் பற்றிய உரையாடலில் குறைந்தது மூன்று வரலாறுகள் மோதுகின்றன. 'பட்டாவில் யார் பெயர் இருக்கிறது?' என்னும் கேள்வி பெண்களை ஒன்றிணைக்கும். 'யாருக்குப் பட்டா இருக்கிறது?' என்னும் கேள்வி அவர்களையே பிரிக்கும். 'யாருடைய நிலம் யாரிடம் போனது?' என்னும் கேள்வியை ஊர்த்தெரு மையத்தில் கேட்ட தொண்டர் மறுநாள் அங்கு வகுப்பு நடத்த இயலுமா என்பது ஐயம். வட்டத்தை நடத்துவது என்பதன் உள்ளீடு இக்கேள்விகளுள் எதனை, எப்போது, எந்த வரிசையில் எழுப்புவது என்னும் தேர்வே. அத்தேர்வுக்குரிய பயிற்சியை விட எழுத்துக்கூட்டும் முறைக்கான பயிற்சியே தொண்டர்களுக்கு அளிப்பதற்கு எளிதானது. அறிவொளிக்காலப் பட்டறிவுகளை எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் 'இருளும் ஒளியும்' என்னும் நூலாகப் பதிவு செய்துள்ளார். கற்பிக்கச் சென்றவர்களே மக்களிடம் கற்றுத் திரும்பினர் என்னும் உணர்வு அக்காலப் பதிவுகளில் பொதுவாகக் காணப்படுவது. அது பணிவு மட்டுமன்று, முன்தயாரிப்பு போதாமைக்கான ஒப்புதலும் ஆகும்.

புதுக்கோட்டையில் கள ஆய்வு செய்து 2013-இல் ஆங்கில நூல் வெளியிட்ட மானிடவியலாளர் பிரான்சிஸ் கோடி வேறொரு கோணத்தைத் திறந்தார். ஒடுக்கப்பட்ட பெண்கள் ஆட்சியரிடம் மனு அளிக்கச் செல்லும் நிகழ்வுகளை ஆராய்ந்த அவர், கையெழுத்திடும் செயல் அவர்களைக் குடிமக்களாக ஆக்குவதோடு, அரசு வகுத்த மனுமொழிக்குள் அவர்களை நிறுத்தவும் செய்கிறது என்று காட்டினார். இப்பார்வை பெரம்பலூருக்குப் பொருந்தும். 1995-க்கு முன் மனு கொடுக்கத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லவேண்டும். ஒரு நாள் கூலி இழப்பு. மாவட்டம் பிரிந்தபின் திங்கட்கிழமைக் குறைதீர் நாள் பேருந்தில் சிறிது தொலைவில் வந்துவிட்டது. ஆனால் ஆட்சியரகங்களின் வாயில்களில் மனு எழுதித் தருவோரின் மேசைகள் குறையவில்லை. கையெழுத்திடக் கற்றவரும் மனுவின் உடலை எழுதப் பிறரை நாடினார். பழைய தற்குறிக்கு மற்றொருவர் சான்றெழுத்து இட்டார்; புதிய மனுவில் மற்றொருவர் எழுதியதற்கு இவர் தம் எழுத்தை இடுகிறார். முறை தலைகீழாயிற்று; சார்பு நீங்கவில்லை.

பட்டா பாடம் எவ்வளவு தேவையானது என்பதை ஜெயங்கொண்டம் காட்டுகிறது. 1990-களின் பிற்பகுதியில் பழுப்பு நிலக்கரி அனல்மின் திட்டத்திற்காக அப்பகுதிச் சிற்றூர்களில் ஆயிரக்கணக்கான ஏக்கர் நிலம் கையகப்படுத்தப்பட்டது. இழப்பீடு போதாது என்னும் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன, திட்டமோ நிறைவேறவில்லை. அறிவிக்கை, ஆட்சேபணை மனு, விசாரணை அழைப்பு, தீர்ப்பாணை என அம்மக்கள் எதிர்கொண்ட தாள்கள் எந்த எழுத்தறிவுப் பாடநூலின் மூன்றாம் பகுதியையும் விடக் கடினமானவை. நிலம் உடையவருக்கு அத்தாள்களேனும் வந்தன. அந்நிலத்தில் கூலி செய்தவருக்கு எத்தாளும் வரவில்லை. இழப்பீட்டுக் கணக்கில் அவர் இல்லை.

அடக்கவியலாப் பேச்சு

பேச்சு முழுமையாக நடந்த இடமும் ஒன்றுண்டு. ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் எழுத்தறிவுப் பாடநூலில் இடம்பெற்ற சாராயம் பற்றிய கதைப்பாடத்தைப் பேசிய பெண்கள், தூபகுண்டா என்னும் சிற்றூரில் சாராயக் கடையை மூடவைத்தனர். அது மாநிலமெங்கும் பரவி 1993 அக்டோபரில் ஆந்திரத்தில் சாராய விற்பனை தடைசெய்யப்பட்டது. ஒரு பாடம் அரசின் வருவாயை அசைத்த நிகழ்வு இந்திய வயதுவந்தோர் கல்வி வரலாற்றில் இதற்கு முன் இல்லை. எழுத்தறிவு வட்டம் எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதை இயக்கத்தார் மட்டுமன்றி, ஆட்சியாளரும் இதிலிருந்து கற்றிருப்பர். (சில்லறை மது விற்பனையை 2003 முதல் அரசு நிறுவனமே நடத்தும் தமிழகத்தில் இப்பாடத்தை ஓர் அரசுத் திட்டத்தின் மையத்தில் எவ்வாறு நடத்துவது என்பது சுவையான வினா.)

நெல்லூரில் பெண்கள் சாதி கடந்து ஒன்றுகூட முடிந்ததற்குக் காரணம், சாராயம் எல்லா ஏழைக் குடும்பங்களையும் ஒன்றுபோல் தாக்கியது. சாதி அவ்வாறு தாக்குவதில்லை என்பதை மீண்டும் நினைவிற் கொள்ள வேண்டும்.

அளவுகோலும் தேர்வும்

1988-இன் எழுத்தறிவு இயக்கம் விழிப்புணர்வைக் கைவிடவில்லை. வறுமையின் காரணங்களை உணர்தலும் செயல்சார் எழுத்தறிவின் பகுதி என்றே அது வரையறுத்தது. ஆனால் அளக்கத்தக்கதாக வைத்தவை வேறு: நிமிடத்திற்கு 30 சொற்களை வாய்விட்டுப் படித்தல், 7 சொற்களைப் பார்த்தெழுதுதல், 5 சொற்களைச் சொல்ல எழுதுதல், 100 வரை எண்களை அறிதல். பாடநூல் மூன்று பகுதிகளாயிற்று. கற்றல்நேரம் 200 மணியளவாகச் சுருங்கியது. 1978-இன் 350 மணியில் பேச்சுக்கு ஒதுக்கிய நேரத்தை 200 மணியில் தேடுவது கடினம். மாவட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக 'முழு எழுத்தறிவு' அறிவிப்பை நோக்கி விரைந்த சூழலில், மதிப்பீட்டில் இல்லாததைத் தொண்டர் விட்டுவிட்டார் எனில் அவரைக் குறைகூற இயலாது.

2009 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய சாக்ஷர் பாரத், தமிழில் கற்கும் பாரதம், 2001 கணக்கெடுப்பின்படி வயதுவந்த பெண்களின் எழுத்தறிவு 50 விழுக்காடும் அதற்குக் குறைவுமான மாவட்டங்களைத் தேர்ந்தது. பெரம்பலூரும் அதிலிருந்து பிரிந்த அரியலூரும் அப்பட்டியலில் இடம்பெற்றன. அறிவொளி அலை வீசிய பத்தாண்டின் முடிவிலும் இவ்வட்டாரத்தின் வயதுவந்த பெண்களில் பாதிப்பேர் எழுத்தறியாதோராகவே இருந்தனர் என்பதற்கு இதுவே அரசுச் சான்று. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறுபான்மையினர் ஆகியோருக்கு முன்னுரிமை என்று திட்டம் கூறியது. ஊராட்சிக்கு ஒரு கல்வி மையம், அதற்கு இரண்டு ஊக்குநர்கள், ஒருவருக்கு மாதம் 2,000 ரூபாய், பத்துப் பேருக்கு ஒரு தன்னார்வலர், ஆண்டுக்கு இருமுறை தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் தேர்வு என்பது அமைப்பு.

கற்றல்நேரம் இம்முறை 300 மணியாக உயர்ந்தது. ஆகவே மணிக்கணக்கு மட்டும் முழுச் செய்தியைத் தராது. மையத்தை நடத்துபவரின் கடமை என்னவாயிற்று என்பதையே காணவேண்டும். 1978-இல் அவர் பேச்சைத் தொடங்கிவைப்பவர். 1991-இல் பாட்டும் நாடகமுமாய் ஊரைத் திரட்டுபவர். 2009-க்குப்பின் பதிவேடு பராமரிப்பவர். தேர்வு நாளில் குறித்த எண்ணிக்கையினரைத் தேர்வுக்கூடத்தில் அமரவைக்கப் பொறுப்பானவர். ஊதியம் முன்னினும் மேலானது, ஆனால் ஊராட்சி வழியாக வருவது. ஊராட்சிமன்றத் தலைவரின் தெருவுக்கும் சேரிக்கும் இடையிலுள்ள தாவாவை மையத்தில் பேசவைக்கும் துணிவை அத்தகைய பணிநிலையிலுள்ளவரிடம் எதிர்பார்த்தல் நேர்மையாகாது.

2008 முதல் இவ்விரு மாவட்டங்களுக்கும் வந்த ஊரக வேலை உறுதித் திட்டம், திட்டமிடாமலே வேறொரு வட்டத்தை உருவாக்கியது. ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் ஊர்ப்பெண்களும் சேரிப்பெண்களும் ஒரே வருகைப்பட்டியலில் பெயர் கொண்டு, ஒரே கூலி பெற்றனர். வேலையட்டை, வருகைப்பட்டியல், வங்கிக்கணக்குப் புத்தகம் என்னும் மூன்று தாள்களும் படிக்கவேண்டிய உண்மையான தேவையுடையவை. எண்பதுகளின் திட்டத்தார் தேடியலைந்த கலப்பு வட்டம் இங்கே நண்பகலில் மரநிழலில் அமர்ந்திருந்தது. வயதுவந்தோர் கல்வித் திட்டம் அந்நிழலைப் போதிய அளவு பயன்கொள்ளவில்லை. மையம் மாலையில், ஊராட்சிக் கட்டடத்தில் என்பதே விதியாக இருந்தது. பின்னர்க் கைரேகைக் கருவிகள் பரவியபோது, கையெழுத்திடக் கற்றவரும் பட்டம் பெற்றவரும் மீண்டும் விரலையே வைத்தனர். கைநாட்டின் இழிவைச் சொல்லி மக்களை அழைத்த அரசு, கைநாட்டையே மிக நம்பத்தகுந்த சான்றாக ஏற்றது.

2018 மார்ச்சு 31-உடன் கற்கும் பாரதம் நிறைவுற்றது. 1978-இல் முதல் மையம் தொடங்கியபோது 35 வயதான கூலிப்பெண் ஒருவருக்கு அப்போது வயது 75. மூன்று திட்டங்களின் இலக்குப் பட்டியலிலும் அவர் பெயரோ அவர் மகளின் பெயரோ இருந்திருக்கக்கூடும். அதற்குப்பின் கற்போம் எழுதுவோம் இயக்கமும், 2022 முதல் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும் 15 வயதுக்கு மேற்பட்டோரைத் தன்னார்வலர்களைக் கொண்டே கற்பித்துள்ளன. தேர்வுத்தாளின் அமைப்பு பெரிதும் மாறவில்லை: படித்தலுக்கு 50, எழுதுதலுக்கு 50, எண்ணறிவுக்கு 50, ஆக மொத்தம் 150 மதிப்பெண்கள்.